ஆர்க்கிட் செடியும் விஷப் புட்டியும்

வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டிருந்த ஊதா நிற டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டின் இலைக் கணுக்களில், பஞ்சைக் கிள்ளி ஒட்டவைத்தாற்போல் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதைச் சென்ற கோடையில் ஒரு நாள் கண்டு, இலை ஒன்றைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு, பூச்சிமருந்து விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் இலையை ஒரு விநாடி பார்த்தார், "மாவுப்பூச்சி" என்றார், பெரிய டப்பா ஒன்றிலிருந்த பழுப்பு நிறத் திரவத்தைக் காலியான குளிர்பானப் புட்டி ஒன்றில் கால் பங்கு ஊற்றி, "ஒரு மூடி மருந்து, ஒரு லிட்டர் தண்ணீர், நாளைக்கே எல்லாம் செத்துவிடும் சார்" என்று கையில் கொடுத்தார். புட்டியின்மேல் மருந்தின் பெயர் இல்லை. எச்சரிக்கை என்று ஒரு வரியும் இல்லை. வீட்டுக்கு வந்து அதை எங்கே வைப்பது என்று யோசித்தபோதுதான் நெஞ்சு திடுக்கிட்டது. ஏனெனில் எங்கள் வீட்டில் ஐந்து வயதுப் பேத்தி இருக்கிறாள். அவள் அறிந்தமட்டில் அந்த வடிவமுள்ள புட்டி என்றால் அது குடிப்பதற்கு இனிப்பான ஏதோ ஒன்று. மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்கே போய் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வயலுக்கென்று தயாரிக்கப்பட்ட விஷம், நாம் அழகுக்காக வளர்க்கும் ஒரு பூச்செடியை முன்னிட்டு வீட்டு நிலைப்படியைத் தாண்டலாகாது என்பதும், தாண்ட வேண்டிய அவசியமே இல்லை என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

2013-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி, பீஹார் மாநிலத்துச் சரண் மாவட்டத்தில், ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் மாண்டுபோனதையும், சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்ததாகப் பரிசோதனையில் தெரியவந்ததையும் நாம் மறந்துவிடலாகாது. அங்கே ஆர்க்கிட் செடி எதுவும் இல்லைதான். ஆனால் உணவுப் பண்டம் இருக்கும் இடத்தை விஷம் நெருங்கினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடக் கொடிய பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டுவதில்லை. ஏக்கர் கணக்கில் பயிர் செய்து, ஒரு பருவத்து விளைச்சலையே ஜீவனோபாயமாகக் கொண்ட விவசாயியின் நிலை வேறு. அவருடைய சங்கடத்தை நான் குறைத்துப் பேசவில்லை. எட்டு இலையும் ஒரு பூங்கொத்தும் உள்ள செடிக்காகக் காற்றோட்டமில்லாத அறையில் அதே திரவத்தைத் தெளிப்பதற்கு அப்படிப்பட்ட நியாயம் ஒன்றும் கிடையாது.

"இலை இலையாகத் துடைத்துக்கொண்டிருக்க யாருக்குப் பொழுது இருக்கிறது? விஷமானால் ஒரே நாளில் தீர்ந்துவிடுமே!" என்று கேட்பவர்கள் அந்தப் பூச்சியின் வாழ்க்கையைச் சற்றே கவனிக்க வேண்டும். மாவுப்பூச்சியின் மேலுள்ள வெண்மை வெறும் தூசி அன்று. நீரை ஒட்டவிடாத மெழுகு. பெண் பூச்சிக்குச் சிறகில்லை. இலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள இடுக்கிலும், தண்டைப் போர்த்திய காய்ந்த உறைக்குள்ளும், சில சமயம் தொட்டிக்குள் வேரின்மீதும் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சியபடியே, பெரும்பாலான இனங்களில், பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகளை இட்டுவிடுகிறது. செதில்பூச்சியோ தன் முதுகின்மேல் ஓடு ஒன்றைக் கட்டிக்கொண்டு அதனடியில் அசையாமல் கிடக்கிறது. ஆகவே எதைத் தெளித்தாலும் மறைவிலுள்ளவையும் முட்டைகளும் தப்பிவிடும். வாரந்தோறும் திரும்பவும் பார்த்தே தீர வேண்டும். எந்த வழியில் சென்றாலும் சிரத்தை தேவைப்படுமானால், அபாயமில்லாத வழியில் அந்தச் சிரத்தையைச் செலுத்துவதே விவேகம்.

நான் செய்ததைச் சொல்கிறேன். செடியை மற்றச் செடிகளிடமிருந்து பிரித்துத் தனியே வைத்தேன். தண்டின்மேல் சருகாய்ச் சுற்றியிருந்த உறைகளை மெல்ல உரித்தபோது, வெளியே தெரிந்தவற்றைப்போல் இரண்டு பங்கு பூச்சிகள் உள்ளே வரிசையாகப் பதுங்கியிருந்தன. மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சுக் குச்சியில் தோய்த்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், ஒவ்வொன்றையும் தொட்டேன். தொட்டமாத்திரத்தில் வெண்மை கரைந்து, மஞ்சளும் செம்மையும் கலந்த சிற்றுடல் வெளிப்பட்டுப் பஞ்சோடு வந்துவிட்டது. பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும், அது கலப்பதற்குச் சிறிது மென்மையான சோப்புக் கரைசலும் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தேன். ஏழு நாளுக்கு ஒரு முறையாக நான்கு முறை இவ்வாறு செய்தபின் பூச்சி அற்றுப்போயிற்று. ஃபலெனாப்சிஸ் வகை வைத்திருப்பவர்கள் மட்டும், நடுக் குருத்தில் தண்ணீர் தேங்கினால் அது அழுகிப்போகும் ஆதலால், தெளித்தவுடன் அங்கே பஞ்சால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். வேரெல்லாம் பூச்சி மண்டிக் கைமீறிப்போன செடியானால், பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்துவதே மற்றச் செடிகளுக்குச் செய்யும் உபகாரம்.

எறும்பையும் மறக்கலாகாது. மாவுப்பூச்சி கழிக்கும் தேன்போன்ற திரவத்துக்காக எறும்புகள் அதன் பகைவர்களை விரட்டிக் காவல் காக்கின்றன. அந்தத் திரவம் படிந்த இலையில் கரும்பூசணமும் பற்றுகிறது. பால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வைத்து எறும்பைத் தடுத்த நம் பாட்டிமாரின் உபாயமே இங்கும் போதும்: தட்டில் நீர் ஊற்றி, நடுவே செங்கல் துண்டு வைத்து, அதன்மேல் தொட்டியை நிறுத்திவிட்டால் எறும்பு ஏற வழியில்லை. ஆனால் பூக்காம்பில் பிசுபிசுப்பைக் கண்டவுடனே பூச்சி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆரோக்கியமான ஆர்க்கிட்டும் மொட்டு விடும் காலத்தில் தெளிந்த இனிப்புத் துளிகளைத் தானே கசியவிடுவதுண்டு. அதுபோலவே, வறண்ட வெப்பத்தில் இலையை வெளிறச் செய்யும் செஞ்சிலந்தி பூச்சியினமே அன்று. எட்டுக் கால் உள்ள பிராணி. பல பூச்சிமருந்துகள் அதைக் கொல்லாமல், அதைத் தின்னும் ஜீவன்களை மட்டும் கொன்று, அது பெருகவே துணைபுரிகின்றன. நோயைப் பாராமல் மருந்தை ஊற்றுவதால் விளையும் அனர்த்தம் இதுதான்.

நம் பக்கம் நிற்கும் ஜீவன்களும் உண்டு. காப்பிச் செடியின் செதில்பூச்சியை ஒழிப்பதற்கென 1898-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவகைப் பொறிவண்டு, வந்த காரியத்தில் வெற்றி பெறாவிட்டாலும், தென்னிந்தியாவில் நிலைபெற்று மாவுப்பூச்சிகளைத் தின்று வருகிறது. அதன் புழுவும் மாவு பூசியதுபோல் வெண்மையாகவே இருக்கும். ஆனால் உருவத்தில் பெரியது, விரைவாக ஊர்வது. நின்று பார்க்கும் பொறுமை இல்லாதவன், தன் செடியைக் காக்க வந்ததையே பகையென்று நசுக்கிவிடுவான். 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டிப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளித் தோட்டங்களைச் சூறையாடிய மெக்சிகோ நாட்டு மாவுப்பூச்சியை, தெளித்த மருந்துகள் அடக்க முடியாதிருக்க, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட கடுகினும் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் அல்லவா அடக்கின! பெருந்தோட்டங்களிலேயே அறிவும் பொறுமையும் விஷத்தை வென்றிருக்கும்போது, ஒரு தொட்டிக்கு அவை போதாமல் போகுமா?

பூச்சிமருந்தைத் தக்க உறையிலும் சீட்டோடும் மட்டுமே விற்க வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் அதன் விதிகளும் கட்டளையிடுகின்றன. நஞ்சின் உக்கிரத்தைச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று படிப்படியாகக் காட்டும் அடையாளம் அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. சில்லறையாக வேறு புட்டியில் ஊற்றித் தருபவர் அந்த எச்சரிக்கையைப் பறித்துவிட்டு விஷத்தை மட்டும் நம்மிடம் தருகிறார். இதை அதிகாரிகள் கண்டித்துத் தடுக்க வேண்டும். ஆர்க்கிட் விற்கும் நாற்றங்கால்காரர்கள், இலையின் அடிப்புறத்தைத் திருப்பிக் காட்டி, புதுச் செடியை இரண்டு மூன்று வாரம் தனியே வைக்கும்படி சொல்லி விற்க வேண்டும். மலர்க் கண்காட்சிகளில் பூவை மட்டும் காட்டாமல், பூச்சியையும் அதன் பகைவனையும் பூதக்கண்ணாடியில் ஜனங்களுக்குக் காட்ட வேண்டும்.

இவையெல்லாம் நடக்கும் வரையில், வாங்குகிறவர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பெயரில்லாத புட்டியை யார் நீட்டினாலும் கையை நீட்டாதிருப்பது.