‘தீர்ந்துவிட்டது’ என்று சொல்கிற கடை



சமையல் பகுதிக்கு வருகிற கடிதங்களில் கொஞ்ச நாளாக ஒரு புதுக் கேள்வி தலைகாட்டுகிறது. ‘டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் தேயிலையை ஆன்லைனில் வாங்கலாமா, எந்தக் கடையை நம்புவது?’ பெங்களூரில் இருக்கும் மகனோ மகளோ ஒரு டப்பா அனுப்பி ஆசையைக் கிளப்பிவிட்டிருப்பார்கள் போலிருக்கிறது. விலையைப் பார்த்தால், வீட்டுக்கு மாதம் முழுக்க வாங்கும் டீத்தூளின் காசு நூறு கிராமுக்கே போய்விடும். தயக்கம் நியாயம்தான். கடையின் பெயரைச் சொல்லிச் சிபாரிசு செய்வது இந்தப் பக்கத்துக்கு வழக்கமில்லை. எதைப் பார்த்து நம்பலாம் என்று வேண்டுமானால் பேசுவோம்.

மளிகைக்கடை அண்ணாச்சியாக இருந்தால் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்க்கக் கொடுப்பார். ஆன்லைனில் அதற்கு வழியில்லை. கடைக்காரர் எழுதிவைத்திருப்பதைப் படித்துத்தான் ஆளை எடைபோட வேண்டும். படிக்கும்போது நான் முதலில் தேடுவது தேதி. டார்ஜிலிங்கில் ‘ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்’ எனப்படும் முதல் பறிப்பு பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை நடக்கும். மே, ஜூனில் இரண்டாம் பறிப்பு. பிறகு மழைக்காலத் தேயிலை, கடைசியில் இலையுதிர்காலத் தேயிலை. நான்கும் ஒரே தோட்டத்தில், ஒரே செடியில் விளைந்தாலும் நிறம், மணம், விலை எல்லாமே வேறு. ஆகவே ‘ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, எந்த வருஷத்துப் பறிப்பு என்று சொல்லாத பக்கத்தை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

வருஷம் அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். 2017-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தனி மாநிலம் கேட்ட கூர்க்காலாந்துப் போராட்டத்தால் ஜூன் மத்தியிலிருந்து 104 நாட்கள் அந்த மலையே அடைத்துக் கிடந்தது. இரண்டாம் பறிப்பில் பெரும்பகுதி செடியிலேயே முற்றிப் போனது. அந்த வருஷத்து இரண்டாம் பறிப்பைத் தாராளமாக விற்ற ஒருவரிடம், ‘எங்கிருந்து வந்தது ஐயா?’ என்று கேட்க வருஷம் தெரிந்தால்தானே முடியும்?

அடுத்தது தோட்டத்தின் பெயர். டார்ஜிலிங் என்ற பெயருக்கு உரிமையுள்ள தோட்டங்கள் 87. இந்தியாவில் முதன்முதலாகப் புவிசார் குறியீடு பெற்ற பொருள் டார்ஜிலிங் தேயிலைதான், 2004-05-இல் கிடைத்தது. அதற்கான தேயிலை வாரிய முத்திரையில் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகமும் கையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் இருக்கும். டார்ஜிலிங்கில் ஓர் ஆண்டில் விளைவது இப்போது ஒரு கோடி கிலோவுக்கும் குறைவு. ஆனால் அந்தப் பெயரில் உலகம் முழுக்க விற்பது அதைப்போலப் பல மடங்கு என்பது வியாபார வட்டாரத்தில் பழைய பேச்சு. எல்லைக்கு அந்தப் பக்கம் நேபாளத்தின் இலாம் மாவட்டம் இருக்கிறது. அதே மலைத்தொடர், ஏறக்குறைய அதே குளிர், செடியும் அதே வகை. இலாம் தேயிலையில் குறை ஒன்றுமில்லை, நல்ல தேயிலைதான். அதற்கு டார்ஜிலிங் சட்டையை மாட்டி விற்பதில்தான் வில்லங்கம். ‘இது இலாம்’ என்று எழுதி விற்கிறவரிடம் எனக்குக் கூடுதல் மரியாதை.

இலங்கைத் தேயிலைக்கும் இப்படி ஓர் அடையாளம் உண்டு. வாள் ஏந்திய சிங்க முத்திரையைப் போட வேண்டுமானால், தேயிலை முழுக்க இலங்கையில் விளைந்ததாக இருக்க வேண்டும். பாக்கெட் போட்டதும் அங்கேயே இருக்க வேண்டும். சிங்கத்தைப் போட்டுக்கொண்டு, ‘பேக் செய்த இடம்: சென்னை’ என்றிருந்தால் கேள்வி கேளுங்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சோதனை இருக்கிறது. கடைக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். எந்த மாதம் பறித்தது, எந்தத் தோட்டம், லாட் எண் என்ன? டார்ஜிலிங் தோட்டங்கள் ஒவ்வொரு பருவத்திலும் தயாராகும் தேயிலைக்கு ‘டிஜே-1’, ‘டிஜே-2’ என்று வரிசையாக எண் கொடுக்கும். வியாபாரிக்கு அது தெரியாமல் இருக்காது. ‘100% ஒரிஜினல் சார், பிரீமியம் குவாலிட்டி, நம்பி வாங்குங்க’ என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ‘ஏப்ரல் முதல் வாரம் பறித்தது. தோட்டத்தில் நேராக வாங்கவில்லை, கொல்கத்தா வியாபாரியிடம் வாங்கினோம். லாட் எண் பெட்டியில் இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன்’ என்று ஒருவர் எழுதினால், அவரிடம் என் பணம் பத்திரம் என்று நினைப்பேன். ‘நேராக வாங்கவில்லை’ என்று சொல்ல அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லையே!

வாங்கியவர்கள் போடும் மதிப்பீட்டு நட்சத்திரங்களை நான் அதிகம் நம்புவதில்லை. ‘டெலிவரி சூப்பர், பேக்கிங் அருமை’ என்பது கூரியர்காரருக்குப் போக வேண்டிய பாராட்டு. ‘இரண்டாவது தடவை வெந்நீர் ஊற்றியபோது துவர்ப்பு தூக்கலாகிவிட்டது’ என்று யாராவது எழுதியிருந்தால் அவர் குடித்துப் பார்த்திருக்கிறார். ‘இன்னும் இரண்டு மணி நேரம்தான்’ என்று கடிகாரம் ஓடவிடுவது வேறொரு வித்தை. பொய்யாக இப்படி அவசரப்படுத்துவதை 2023-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலே தவறு என்கிறது. உண்மையிலேயே கொஞ்சமாக விளையும் பொருளை விற்கிறவரின் பக்கத்தில் ‘தீர்ந்துவிட்டது, அடுத்த பறிப்புக்குப் பிறகு வரும்’ என்று பாதிக்குப் பாதி எழுதியிருக்கும். பார்ப்பதற்கு வெறிச்சென்று இருந்தாலும் அதுதான் நல்ல கடையின் லட்சணம். நீலகிரி உறைபனித் தேயிலையும் அப்படித்தான். டிசம்பர், ஜனவரிக் குளிரில் பறிப்பது, வருஷம் முழுக்க ‘புது வரவு’ ஆக இருக்க முடியாது.

பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், விற்பவரின் பெயர், முகவரி, விளைந்த நாடு, குறைதீர் அதிகாரி யார் என்பதெல்லாம் கடையின் இணையப் பக்கத்தில் இருக்க வேண்டும். உரிம எண் கடை இருக்கிறது என்பதற்குச் சாட்சி. உள்ளே இருப்பது முதல் பறிப்பு என்பதற்கு அல்ல. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, உங்கள் புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அசையாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

முதல் தடவை இருபத்தைந்து கிராம் போதும். பாக்கெட்டைப் பிரித்ததும், ‘என்ன இது, கறுப்பாகவே இல்லையே, ஏமாற்றிவிட்டான்’ என்று கடைக்காரரைத் திட்டாதீர்கள். முதல் பறிப்பின் இலை பச்சையும் பழுப்புமாகத்தான் இருக்கும். சாறும் வெளிர் பொன்னிறம்தான். நம் டிகாஷன் நிறத்தை அதில் எதிர்பார்க்கக் கூடாது. கொதித்து அடங்கிய நீரை ஊற்றி மூன்று நிமிடம் விட்டு வடித்தபின், இலையை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். முழு இலைகளும் மொட்டுகளும் விரிந்து கிடந்தால் நல்லது. தூளும் காம்புமாக இருந்தால் போட்டோ எடுத்து அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். சர்க்கரை உங்கள் இஷ்டம். பால் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்