காற்றாய்ப் போகும் மின்சாரம்

ஆலைகளில் வேரூன்றியுள்ள நம்பிக்கைகளுள் ஒன்று, காற்றுக்குச் செலவில்லை என்பதாகும். எந்திரம் ஒன்றில் எண்ணெய் சொட்டினால் அன்றே ஆள் வந்து சரிசெய்வதும், அதனருகிலேயே காற்றுக் குழாயின் இணைப்பு மாதக்கணக்கில் சீறிக்கொண்டிருப்பினும் எவரும் திரும்பிப் பாராததும் இந்நம்பிக்கையின் விளைவே. எண்ணெய் தரையில் கறையை விட்டுச் செல்கிறது. காற்றோ கறையும் மணமும் இன்றி வெளியேறுகிறது; அதன் ஓசையும் எந்திரங்களின் இரைச்சலில் அமிழ்ந்துவிடுகிறது. கண்ணில் படாத இழப்பை இழப்பாகவே எண்ணாத இவ்வழக்கம், கம்ப்ரசர் வாங்கும் நாளில் தொடங்கி, அது பழைய இரும்பாகக் கழிக்கப்படும் நாள்வரை ஆலையின் கணக்கைப் பிழைபடுத்துகிறது.

உறிஞ்சப்படும் காற்று இலவசம் என்பது உண்மையே. ஆயினும் ஆலைக்குப் பயன்படுவது அக்காற்றன்று, அதில் ஏற்றப்பட்ட அழுத்தமாகும். பெரும்பாலான ஆலைகள் வேண்டும் 7 பார் அழுத்தத்தில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுந்த அழுத்தத்தில், நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்றைத் தருவதற்கு நல்ல ஸ்க்ரூ கம்ப்ரசர்கூட ஏறத்தாழ ஆறு கிலோவாட் மின்திறனை எடுத்துக்கொள்கிறது. அம்மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாக மாறி விசிறி வழியாகவோ குளிர்நீர் வழியாகவோ வெளியேறிவிட, கருவியின் முனையில் வேலையாக வெளிப்படுவது பொதுவாகப் பத்து முதல் பதினைந்து சதவீதம் மட்டுமே. ஆகவே அழுத்தக்காற்றை இலவசப் பொருளாக அன்றி, ஆலை பயன்படுத்தும் ஆற்றல் வடிவங்களுள் மிக விலையுயர்ந்த ஒன்றாகவே மதிப்பிட வேண்டும்.

இந்நம்பிக்கை முதலில் தவறிழைப்பது கொள்முதலில். மூன்று கொட்டேஷன் வாங்கி, விலை குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதையே சிக்கனமெனக் கருதும் வழக்கம், விலைப்பட்டியலில் இடம்பெறாத செலவைக் காண மறுக்கிறது. 37 கிலோவாட் மின்சாரம் எடுக்கும் கம்ப்ரசர் ஒன்று ஆண்டுக்கு 6,000 மணி நேரம் முழுச்சுமையில் ஓடினால் 2,22,000 யூனிட் செலவாகும். யூனிட்டுக்கு 8 ரூபாய் எனக் கொண்டால், ஓராண்டு மின்கட்டணம் மட்டும் 17,76,000 ரூபாய். எந்திரத்தைப் பத்து லட்சத்துக்கு வாங்கியதாக வைத்துக்கொண்டாலும், முதல் ஆண்டு முடியுமுன்பே மின்கட்டணம் அவ்விலையைக் கடந்துவிடுகிறது. நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்றுக்கு எத்தனை கிலோவாட் என்னும் ஒரே கேள்வியை விற்பவரிடம் கேளாமல், ஐம்பதாயிரம் ரூபாய் தள்ளுபடிக்காக ஒரு வாரம் பேரம் பேசுவது சிக்கனம் ஆகாது. 'எதிர்காலத்துக்கு ஆகும்' என்று தேவைக்கு மேல் பெரிய கம்ப்ரசர் வாங்குவதும் இத்தகையதே. ஏனெனில் நிலையான வேகத்தில் ஓடும் ஸ்க்ரூ கம்ப்ரசர், காற்றைத் தராமல் வெறுமனே சுழலும் அன்லோடு நிலையிலும் முழுச்சுமை மின்சாரத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை எடுத்துக்கொள்ளும்.

பராமரிப்பில் இதே நம்பிக்கை வேறு உருவம் கொள்கிறது. கொங்கு வட்டார நூற்பாலைகளில் அறுந்த நூலைக் கோன் சுற்றும் எந்திரத்தில் இணைப்பதும், ஏர்ஜெட் தறிகளில் ஊடை நூலைப் பாவுக்குள் செலுத்துவதும் காற்றின் வேலையாதலால், அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் உற்பத்தி தடைபடும். அப்போது ஃபில்டர் அடைத்துள்ளதா, குழாய் குறுகியதா, இடையில் எங்கேனும் கசிகிறதா என்று தேடுவதைவிடக் கம்ப்ரசரின் அழுத்தத்தை ஒரு பார் உயர்த்துவது எளிதாகிவிடுகிறது. அவ்வாறு உயர்த்தும் ஒவ்வொரு பாருக்கும் மின்செலவு ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுவதோடு, உள்ளே அழுத்தம் மிகுந்ததால் ஒவ்வொரு துளையும் முன்னிலும் அதிகமாகக் கசியத் தொடங்குகிறது. நோயைத் தேடாமல் மருந்தின் அளவை மட்டும் கூட்டும் இம்முறை, நோயையே வளர்க்கிறது.

கசிவின் அளவை எண்ணிப் பார்த்தால் நம்பிக்கையின் விலை புலப்படும். 7 பார் அழுத்தமுள்ள குழாயில் மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை, நிமிடத்துக்கு அரை கன மீட்டருக்கும் மேல் காற்றை வெளியேற்றுகிறது. அதனை ஈடுசெய்யக் கம்ப்ரசர் ஏறத்தாழ மூன்றரை கிலோவாட் செலவிடுகிறது. ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடும் ஆலையில் இது 28,000 யூனிட். மேற்சொன்ன கட்டணத்தில் 2,24,000 ரூபாய். பராமரிப்புக் குன்றிய ஆலைகளில் உற்பத்தியாகும் காற்றில் இருபது முதல் முப்பது சதவீதம் இவ்வாறு வீணாவது வழக்கம். வேலை முடிந்ததும் ஆடையில் படிந்த பஞ்சை ஏர் கன்னால் ஊதிக்கொள்வதும் இக்கணக்கில் சேரும். தோலின் காயத்தினுள் அழுத்தக்காற்று புகுந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், அது பணத்தை மட்டும் பற்றிய செய்தியும் அன்று.

அழுத்தக்காற்றே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. தீப்பொறி எழாமை, கருவியின் எடைக்குறைவு, எளிய அமைப்பு ஆகியவற்றால் பல இடங்களில் அதற்கு மாற்றில்லை. குறை காற்றில் இல்லை. அதனை அளக்காமல் விட்டதில் இருக்கிறது. பாரிஸ் நகரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், முதலில் பொதுக் கடிகாரங்களை இயக்கவும் பின்னர்ப் பட்டறை எந்திரங்களை ஓட்டவும் அழுத்தக்காற்று தெருக்களின் அடியில் குழாய் வழியே விற்கப்பட்டது. அவ்வமைப்பு 1994 வரை நீடித்தது. பணம் கொடுத்து வாங்கிய அப்பட்டறைக்காரர்களுக்குக் காற்று இலவசம் என்னும் எண்ணம் தோன்றியிருக்க இடமில்லை. இன்றைய ஆலையிலோ கம்ப்ரசரின் விலை கொள்முதல் பிரிவின் கணக்கிலும், அதன் மின்சாரம் ஆலையின் பொதுக் கட்டணத்திலும் சேர்வதால், காற்றின் விலையை எந்தப் பிரிவும் தன் செலவாக உணர்வதில்லை. கம்ப்ரசர் அறைக்குத் தனி மின்மீட்டரும், ஒவ்வொரு பிரிவுக்கும் செல்லும் காற்றுக் குழாயில் ஓட்ட அளவியும் பொருத்துவதே இந்நம்பிக்கைக்கு எதிரான முதல் நடவடிக்கையாகும்.

மீட்டர் வாங்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உற்பத்தி இல்லாத விடுமுறை நாளில் எல்லா எந்திரங்களையும் நிறுத்தி, குழாய்களில் மட்டும் அழுத்தம் நிற்குமாறு கம்ப்ரசரை ஓடவிட்டு, அது காற்றேற்றும் நேரத்தையும் ஓயும் நேரத்தையும் குறித்தால் போதும். மூன்று நிமிடம் ஏற்றி ஏழு நிமிடம் ஓய்ந்தால், அதன் திறனில் முப்பது சதவீதம் கசிவுக்கே செல்கிறது என்று பொருள். அதன்பின் சோப்பு நீரும் ஒரு தூரிகையும் கொண்டு இணைப்புகளைச் சோதித்து, குமிழி எழும் இடங்களில் அடையாளச் சீட்டைக் கட்டி, அவற்றைச் சரிசெய்தபின் மறு விடுமுறையில் மீண்டும் நேரம் குறிக்க வேண்டும். ஒரு நூலும் ஓடாத நாளில் எந்த எந்திரமும் கேளாத காற்றுக்காகக் கம்ப்ரசர் மீண்டும் மீண்டும் விழித்துக்கொள்வதை நின்று கேட்ட மேலாளர், காற்றுக்குச் செலவில்லை என்று மறுநாள் சொல்லமாட்டார்.