வெள்ளைச் சாலைக்கு எந்த டயர்?

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் மார்ச் மாதம் ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கிறது. பெயர் ஸ்த்ராதே பியாங்கே, அதாவது 'வெள்ளைச் சாலைகள்'. 2007ல்தான் ஆரம்பித்தார்கள். நூறு வருஷப் பந்தயங்கள் நிறைந்த ஐரோப்பாவில் இது நேற்றுப் பிறந்த குழந்தை. இருந்தாலும் இதற்கு இருக்கும் மவுசே தனி. காரணம், தார்ச்சாலையும் மண்சாலையும் மாறி மாறி வரும். 2025ல் மொத்த தூரம் 213 கி.மீ. அதில் சுமார் 80 கி.மீ. வெள்ளைச் சரளை போட்ட மண்சாலை, 16 துண்டுகளாக.

தொழில்முறை வீரர்கள் ஓட்டி முடித்த மறுநாள், அந்தச் சாலைகளிலேயே கொஞ்சம் குறைந்த தூரத்துக்குப் பொதுமக்களும் ஓட்டலாம். இவர்கள் மண்டையைக் குடைகிற கேள்வி: எந்த டயர் போடுவது?

ஒரு கட்சி, "மண்ணு என்றால் பட்டன் வைத்த டயர்தான்" என்கிறது. இன்னொரு கட்சி மெல்லிய டயரில் கல்லு மாதிரி காற்றடித்துவிட்டு, "இதுதான் வேகம்" என்கிறது. இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை.

பட்டன்கள் பிடிப்பதற்கு மெத்தென்ற மண் வேண்டும். டஸ்கனி சாலையோ அடியில் இறுகிப்போய், மேலே உதிரிக் கற்கள் கிடக்கிற சாலை. பட்டன் எதைப் போய்க் கவ்வும்? அதுவும் போக, மீதி 130 கி.மீ. தார். அங்கே பட்டன்கள் இழுவை போடும், வளைவில் சாய்த்தால் நெளியும். 2025ல் பொகாச்சார் விழுந்தாரே, மண்ணிலா விழுந்தார்? தார்ச்சாலை வளைவில்! (எழுந்து வந்து ஜெயித்தும் விட்டார், அது வேறு கதை.) ஆக, டயரின் மேல்பரப்பைத் தாரை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழவழப்பாகவே இருக்கட்டும்.

அகலம் மட்டும் மண்ணைப் பார்த்து முடிவாக வேண்டும். ஒரு காலத்தில் எல்லோரும் 23 மி.மீ. டயரில் 120 பிஎஸ்ஐ வரை அடித்தார்கள். வழவழப்பான உருளையில் வைத்துச் சோதித்தால் அது வேகமாகத்தான் தெரியும். கரடுமுரடான சாலையில் நடப்பது வேறு. ஒவ்வொரு கல்லும் சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. காலால் மிதித்த சக்தி உடம்பைக் குலுக்குவதிலேயே வீணாகிறது. அகல டயரில் காற்று கொள்ளளவு அதிகம். அதனால் அழுத்தத்தைக் குறைத்தாலும் கல்லில் மோதி ரிம் அடிபடாது. எழுபது கிலோ ஆளுக்கு 32 மி.மீ. டியூப்லெஸ் டயரில் 50 பிஎஸ்ஐ பக்கம் ஆரம்பித்துப் பார்க்கலாம், முன்சக்கரத்தில் கொஞ்சம் கம்மியாக. ஃபிரேமில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 2018ல் பெய்த மாதிரி மழை பெய்தால் சேறு போய் அடைத்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு விஷயம் இருக்கிறது. பெரிய வீரர்கள் போட்ட டயரையே தேடி வாங்குகிறவர்கள் நிறைய. அந்த வீரருக்குப் பஞ்சர் ஆனால் பின்னால் அணியின் கார் வருகிறது. அதற்குள் முடியாவிட்டால் அணித்தோழர் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பார். காகிதம் மாதிரி மெல்லிய டயரை அவர் துணிந்து போடுவது அதனால்தான். மறுநாள் ஓட்டுகிற ஆளுக்கு யார் இருக்கிறார்கள்? சட்டைப் பையில் ஒரு பம்ப், ஒரு டியூப், அவ்வளவுதான். மோந்தே சாந்தே மரியே என்கிற மண்சாலைத் துண்டு மட்டுமே 11.5 கி.மீ. அதன் நடுவில் பக்கச்சுவர் கிழிந்தால் பல மாதப் பயிற்சி அங்கேயே உட்கார்ந்துவிடும். டயரில் ஐம்பது கிராம் மிச்சம் பிடித்து என்ன கண்டோம்?

சாதாரண ஆள் பக்கச்சுவர் பலமான டயரைத்தான் வாங்க வேண்டும், எடை கூடினாலும். உள்ளே சீலன்ட் திரவம் ஊற்றிய டியூப்லெஸ் என்றால் சின்ன ஓட்டைகள் தானாகவே அடைபடும். பெரியதற்குச் செருகி அடைக்கிற ரப்பர் திரி கையில் இருக்கட்டும். டியூப் போட்டே ஓட்டுகிறவர்கள் அழுத்தத்தை ரொம்பக் குறைக்கக் கூடாது. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

எதுவானாலும் ஒரு வாரம் முன்பே மாட்டி, காற்று இறங்குகிறதா என்று ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பந்தயத்துக்கு முந்தின ராத்திரி ஹோட்டல் அறையில் தரையெல்லாம் சீலன்ட் கொட்டிக்கொண்டு புது டயர் மாட்டுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள்!