கைத்தொலைபேசியும் கமக்காரன் கண்ணும்

2018இல் படைப்புழு எமது நாட்டுச் சோளச் செய்கையைத் தாக்கியது. அதே ஆண்டில் ஐ.நா. உணவு விவசாய அமைப்பும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் இணைந்து, ‘நுரு’ என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியை ஆபிரிக்கக் கமக்காரருக்கு வழங்கின. கைத்தொலைபேசியை இலைக்கு நேரே பிடித்தால், அது படைப்புழுவின் சேதமா எனச் சொல்லும். இணைய வசதியில்லாத வயலிலும் வேலை செய்யும்.

அதற்குக் கற்பித்தது யார்? நோயறிந்தவர்கள் இனங்கண்டு கொடுத்த இலைப் படங்கள். அதாவது மனித அனுபவம். ஆயினும் அது இலையை மட்டுமே பார்க்கிறது. போன போகத்தில் என்ன பயிர், எப்போது நீர் பாய்ந்தது, பக்கத்துக் காணியில் என்ன மருந்து தெளித்தார்கள் என்பதெல்லாம் கமக்காரனுக்கே தெரியும்.

இடம்பெயர்வில் நாம் இழந்தது காணியை மட்டுமல்ல. கொழும்பு மாளிகாவத்தைத் தொடர்மாடியில் வளரும் பிள்ளைக்கு வரம்பில் நின்று பழக வாய்ப்பில்லை. ஊர் திரும்பும் நாளில் கருவி கையிலிருக்கும், பழக்கம் இராது.

ஆகவே பயிற்சி வயலிலேயே நடக்கட்டும். முதலில் பிள்ளை இலையைப் பார்த்துத் தன் முடிவைச் சொல்லட்டும். பின்பு கருவி சொல்லட்டும். இரண்டும் வேறுபட்டால் மூத்த கமக்காரர் குருத்தை விரித்துக் காட்டட்டும். அப்போதும் ஐயமிருந்தால் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். மருந்துப் போத்தலைத் திறப்பது அதன் பிறகே.

கருவியை எப்போதும் வாங்கலாம். மூத்தவர்கள் இருக்கும்போதே தொடங்குவோம்.