பிரிக்காத பெட்டிக்கு என்ன மதிப்பு?

அன்பு மாணவர்களே, உறவினர்களே,

சென்ற வாரம் நம் குடும்ப வாட்ஸப் குழுவில் என் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு படம் போட்டிருந்தான். டெட்ரிஸ் வீடியோ கேம். 1989ஆம் ஆண்டுப் பெட்டி, உறை பிரிக்காதது. அதைக் கனமான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து மேலே மதிப்பெண் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். "அருமைடா, பாப்பா விளையாடினாளா?" என்று கேட்டேன். "ஐயோ மாமா, பிரிச்சா மதிப்பு போயிடும்" என்றான். அந்த 'மதிப்பு' என்ற சொல்தான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

டெட்ரிஸை உருவாக்கியவர் அலெக்ஸி பஜித்னோவ். 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்தவர். அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையும் வசதி கிடையாது. அடைப்புக்குறிகளை வைத்தே கட்டங்களைக் காட்டினார். உலகமே அதை விளையாடியது. ஆனால் உரிமை அரசிடம் இருந்ததால், 1996 வரை அவருக்கு அதிலிருந்து உரிமத்தொகை வரவில்லை. காசுக்காகப் பிறந்த பொருளல்ல அது.

என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு கணக்கு. டெட்ரிஸில் நான்கு சதுரங்கள் சேர்ந்த வடிவங்கள் 7. மொத்தம் 28 சதுரம். இந்த ஏழையும் ஒவ்வொரு முறை வைத்து 4க்கு 7 செவ்வகம் ஒன்றை நிரப்ப முடியுமா? முடியாது. செவ்வகத்துக்குச் சதுரங்கப் பலகை போல நிறம் பூசுங்கள்: கறுப்பு 14, வெள்ளை 14. ஆறு வடிவங்கள் எங்கே விழுந்தாலும் 2 கறுப்பு, 2 வெள்ளையை மூடும். 'டி' வடிவம் மட்டும் 3க்கு 1. ஆகவே 15க்கு 13தான் வரும். இந்த அழகைக் கையால் அடுக்கிப் பார்த்த பிள்ளை மறக்காது. பிளாஸ்டிக் கூட்டைப் பார்த்து எதைக் கற்கும்?

2021இல் சூப்பர் மாரியோ 64இன் பிரிக்காத பிரதி ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த விளையாட்டு 1 கோடிக்கும் மேல் விற்றது. அரிய பொருளே அல்ல. யாரும் விளையாடவில்லை என்பதற்குத்தான் அந்த விலை! வைக்கோல் போரில் படுத்த நாயின் கதைதான் இது.

சேகரிப்பவர்கள் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. 1989இல் டெங்கன் நிறுவனம் நின்டெண்டோ இயந்திரத்துக்கு ஒரு டெட்ரிஸ் வெளியிட்டது. இருவர் ஒரே நேரத்தில் விளையாடலாம். நின்டெண்டோவின் சொந்தப் பதிப்பில் அந்த வசதி இல்லை. உரிமை வழக்கில் நீதிமன்றம் தடை விதித்ததால் சில வாரங்களிலேயே கடைகளிலிருந்து அது மறைந்தது. வாங்கியவர்கள் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இன்றும் அதை விளையாட முடிகிறது. அதைக் காப்பாற்றியது சேகரிப்பு. பூட்டி வைத்து விலை ஏறக் காத்திருப்பது வேறு. அதற்கு நிலப்பத்திரம் போதுமே, விளையாட்டு எதற்கு?

2023 டிசம்பரில் 13 வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் நின்டெண்டோவின் பழைய டெட்ரிஸை, நிரல் திணறி உறைந்து நிற்கும் இடம்வரை விளையாடிக் காட்டினான். அதுவரை எந்த மனிதரும் அங்கே போனதில்லை. 34 ஆண்டுப் பழைய விளையாட்டுக்கு மதிப்பைக் கூட்டியவன் அவன்தான். பெட்டியைப் பிரிக்காதவர்களால் இது நடந்திருக்குமா?

மருமகனே, உன் பெட்டியை நீ பிரிக்க மாட்டாய், தெரியும். உன் பணம், உன் இஷ்டம். ஆனால் பாப்பாவுக்கு ஒரு பழைய, உறை போன கேசட்டாவது வாங்கிக் கொடு. மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம்: கட்டம் போட்ட தாளில் அந்த ஏழு வடிவங்களையும் வெட்டிப் பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள். செவ்வகம் ஏன் வரவில்லை என்று அவர்களே கண்டுபிடித்தால் எனக்குப் போன் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்