சட்டைப் பையின் சாட்சி

ஒருவனை அறிய வேண்டுமானால் அவனுடைய நண்பனைப் பார் என்பது ஆன்றோர் வாக்கு. என் மனைவி இதற்கு உடன்படுவதில்லை. அவனுடைய சட்டைப் பையைப் பார் என்பாள். சனிக்கிழமை தோறும் துணி துவைக்கு முன்னர், வீட்டிலுள்ளோர் உடுப்புகளின் பைகளையெல்லாம் துழாவி, அகப்பட்டவற்றை விறாந்தை மேசையில் வரிசையாகப் பரப்பி வைப்பது அவளுடைய நெடுநாளைய வழக்கம். என் பையிலிருந்து பெரும்பாலும் வெளிப்படுபவை: சோக்குத் துண்டொன்று, பஸ் ரிக்கெற்று, கோணேசர் கோயில் திருநீற்றுப் பொட்டலம், வாங்கி வர மறந்துபோன மரக்கறிகளின் பட்டியல். என் குற்றங்கள் யாவும் அந்த மேசையிலேயே விசாரிக்கப்பட்டுத் தீர்ப்புக் கூறப்படும்.

சென்ற விடுமுறையில் அமெரிக்காவிலிருந்து என் மனைவியின் தம்பி குடும்பத்துடன் வந்திருந்தார். டெக்சாஸ் மாநிலத்தில் பெற்றோல் நிலையத்தோடு இணைந்த கடையொன்றில் இரவு வேலை. பல வருடங்களுக்குப் பின்னர் திருகோணமலை மண்ணை மிதித்திருக்கிறார். சனிக்கிழமை வந்தது, வழமை போலப் பைச் சோதனையும் நடந்தது. தம்பியின் கால்சட்டையைக் கையில் எடுத்தவள் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதென்ன தம்பி, வலப் பக்கப் பை மட்டும் இப்படித் தேய்ந்து கிடக்கிறது? இடப் பக்கம் புதிது போலத்தானே இருக்கிறது?”

தேய்வு என்றால் சாதாரணத் தேய்வன்று. துணியின் மீது ஓர் உருவம் வரைந்தாற்போல வெளிறியிருந்தது. உள்ளங்கை அளவு, ஒரு புறம் நீளம், ஒரு புறம் வளைவு. அதனை முதலில் இனங்கண்டவன் நான். இந்தத் துறைமுகப் பட்டினத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் தலைமுறையினருக்கு அந்த வடிவத்தை யாரும் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

தம்பி சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னார். “அங்கே அது பேனா வைத்திருப்பது மாதிரி, அக்கா. பேர்ஸ், தொலைபேசி, கார்ச் சாவி, அதோடு அதுவும் ஒன்று. இங்கே கொண்டுவரவில்லை, பயப்படாதே. அங்கே இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத 21 வயது நிரம்பிய ஒருவர் அனுமதிப்பத்திரம் எதுவுமின்றியே கைத்துப்பாக்கியை மறைத்தெடுத்துச் செல்ல 2021 செப்டெம்பர் முதல் டெக்சாஸ் சட்டம் இடமளிக்கிறது. நம் நாட்டு நிலை வேறு. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், துப்பாக்கி வைத்திருப்போர் அனுமதி பெற வேண்டும். அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பயிரைக் காக்கத் துவக்கு வைத்திருக்கும் கமக்காரனைக் கண்டிருக்கிறோம். கடைக்குப் பாண் வாங்கப் போகிறவன் கால்சட்டைப் பையில் பிஸ்டல் வைத்திருப்பது நமக்குப் பழக்கமில்லாத செய்தி.

தம்பியைக் குறை கூற எனக்கு வாய் வரவில்லை. அவருடைய கடைக்கு அடுத்த கடையில் ஓர் இரவு கொள்ளையர் புகுந்தார்களாம். மறுவாரமே இவர் துப்பாக்கி வாங்கிவிட்டார். நள்ளிரவில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தனியே நிற்கும் மனிதனுடைய அச்சத்தை, கதவைத் தாழிட்டு உறங்குகிற நான் எள்ளி நகையாடல் தகாது. எனினும் மேலும் சில விபரங்களைக் கேட்டறிந்தேன்.

அதில் ஒன்று என்னைச் சிந்திக்க வைத்தது. துப்பாக்கி இருக்கும் பையில் வேறெதுவுமே இருக்கக் கூடாதாம். அதற்கென ஓர் உறை உண்டு. அது விசையை மூடிக்கொள்ளும். அப்படியிருந்தும், சாவியோ சில்லறைக் காசோ அதே பையில் கிடந்தால், எடுக்கும் அவசரத்தில் விசையில் சிக்கி வெடித்துவிடக்கூடும். ஆதலால் வலப் பை அதற்கு மட்டுமே. மற்றவையெல்லாம் இடப் பைக்குக் குடிபெயர வேண்டும். அன்றாட வாழ்வின் எளிய பொருள்களோடு ஒட்டி உறவாட முடியாத ஒரு பொருள், அன்றாடப் பொருள் போல உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது!

இந்த எச்சரிக்கை வெறும் கற்பனையன்று. 2014 டிசம்பர் 30 ஆம் நாள், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், இளந்தாய் ஒருத்தி பிள்ளைகளுடன் கடைக்குப் போயிருந்தாள். அவளுடைய கைப்பையில் மற்றப் பொருள்களோடு கைத்துப்பாக்கியும் இருந்தது. தள்ளுவண்டியில் அமர்ந்திருந்த இரண்டு வயது மகன் பையைத் துழாவினான். இனிப்புக்கோ விளையாட்டுப் பொருளுக்கோ தேடிய கை, எதைத் தொட்டதென்பதை அந்தக் குழந்தை எவ்வாறு அறியும்? தாய் அவ்விடத்திலேயே மாண்டாள். தன்னையும் பிள்ளைகளையும் காக்கவென்றே அவள் அதைச் சுமந்திருப்பாள் என்பதே அத்துயரத்தின் கொடுமை.

ஆயுதத்தை மறைத்தல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. வள்ளுவர் கூடா நட்பைப் பற்றிப் பேசுமிடத்து, பகைவர் வணங்கிக் குவித்த கைகளுக்குள்ளும் ஆயுதம் ஒளிந்திருக்கக்கூடும் என எச்சரித்துச் சென்றார். அவ்வெச்சரிக்கை நம் நாட்டிலேயே மறுபுறமாகத் திரும்பி மெய்யானது. 1959 செப்டெம்பர் 25 ஆம் நாள், கொழும்பு ரொஸ்மீட் பிளேஸ் இல்லத்தில் பிரதமர் பண்டாரநாயக்கா தம்மைக் காண வந்தோரைச் சந்தித்துக்கொண்டிருந்தார். வந்தவர்களுள் சோமராம என்னும் பிக்கு ஒருவர்; கண் வைத்தியர். பிரதமர் அவரை வணங்கினார். காவியுடையினுள் மறைத்திருந்த சுழல்துப்பாக்கி வெளிவந்தது. மறுநாள் பிரதமர் காலமானார். வணங்கியவர் கையில் அன்று, வணங்கப்பட்டவர் உடையில் ஆயுதம் இருந்தது.

2025 பெப்ரவரி 19 ஆம் நாள் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் நடந்ததை யாவரும் அறிவோம். சட்டத்தரணியின் உடையில் வந்த ஒருவன், நீதவான் முன்னிலையில் நிறுத்தப்பட்டிருந்த சந்தேக நபரைச் சுட்டுக் கொன்றான். சட்டப் புத்தகமொன்றின் தாள்களை நடுவே குடைந்து, அந்தக் குழியில் வைத்தே துப்பாக்கி உள்ளே கொண்டுவரப்பட்டது. புத்தகங்களோடு வாழ்கிறவன் என்பதால் இச்செய்தி என்னை மிகவும் வருத்தியது. அதன் பின்னர் எந்த வாயிற்காவலன் ஒரு தடித்த நூலைக் கள்ளமின்றிப் பார்ப்பான்?

அன்பர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். மறைத்து வைத்த துப்பாக்கி, சுடப்படாமல் கிடக்கும்போதுகூட ஒரு தீங்கைச் செய்துகொண்டே இருக்கிறது. ஒருவன் பையில் அது இருக்கலாம் என்ற நிலை வந்துவிட்டால், ஊரிலுள்ள பைகள் அனைத்தும் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகின்றன. இதை நான் நூலில் படிக்கவில்லை, கண்ணால் கண்டேன்.

1995 ஆம் ஆண்டு. எனக்கு வயது 14. என் தந்தையார் துறைமுகப் பகுதியில் எழுதுவினைஞராகக் கடமையாற்றியவர். அவருடைய பையில் என்றும் இருப்பவை ஐந்து: அடையாள அட்டை, மைப்பேனா, திருநீறு, நாலாக மடித்த கைக்குட்டை, தகரக் கூட்டில் மூக்குக்கண்ணாடி. ஒரு நாள் காலை என்னை அழைத்துக்கொண்டு வைத்தியரிடம் போகும் வழியில், சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டோம். காவலில் நின்ற இளைஞன் தந்தையாரின் சட்டையைத் தடவினான். அவன் கை அந்தத் தகரக் கூட்டில் பட்டது. கடினமான பொருள், நீள வடிவம். அடுத்த கணம் அவனுடைய துப்பாக்கியின் வாய் தந்தையாரின் மார்புக்கு நேரே நின்றது.

தந்தையார் அசையவில்லை. “கண்ணாடி, மகனே, கண்ணாடி” என்று மெல்லச் சொன்னார். இரண்டு விரல்களால் கூட்டை வெளியே எடுத்துத் திறந்து காட்டினார். அந்த இளைஞன் பெருமூச்சு விட்டதை நான் கேட்டேன். அவனுடைய விரல்கள் நடுங்கியதையும் கண்டேன். என்னைக் காட்டிலும் ஐந்தாறு வயதே மூத்தவனாக இருந்திருப்பான். யாரோ எங்கேயோ பையில் மறைத்துக் கொண்டுவந்த ஆயுதம் அவனுடைய தோழனைப் பலி கொண்டிருக்கலாம். அந்த அச்சத்திற்கு என் தந்தையாரின் மூக்குக்கண்ணாடி பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அவர் கண்ணாடியைக் கூட்டில் வைப்பதை விட்டுவிட்டார். கையில் பிடித்துக்கொண்டே நடந்தார். இருமுறை கீழே விழுந்து உடைந்தது. இருமுறையும் புதுக் கண்ணாடி போட்டாரேயன்றிக் கூட்டைத் தொடவில்லை.

பிற்காலத்தில் ஒரு நூலில், அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற் 1912 ஒக்டோபர் 14 ஆம் நாள் மில்வாக்கி நகரில் சுடப்பட்ட செய்தியைப் படித்தேன். குண்டு அவருடைய பையிலிருந்த உருக்குக் கண்ணாடிக் கூட்டையும், மடித்து வைத்திருந்த 50 பக்கச் சொற்பொழிவுத் தாள்களையும் துளைத்துக்கொண்டு செல்கையில் வேகம் குன்றி, மார்பில் தங்கிவிட்டது. அவர் உயிர் பிழைத்ததோடு, அன்றைய பேச்சையும் பேசி முடித்தார். ஒரு கண்ணாடிக் கூடு ஒருவருடைய உயிரைக் காத்தது. இன்னொரு கண்ணாடிக் கூடு இன்னொருவருடைய உயிரைக் கொள்ளப் பார்த்தது. இரண்டும் பையில் கிடந்த எளிய பொருள்களே.

இவற்றையெல்லாம் தம்பிக்கு அன்று மாலை கடற்கரையில் நடந்தபடி கூறினேன். காந்தி சிலையருகே வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினோம். 2006 ஜனவரி 2 ஆம் நாள் அவ்விடத்தில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை இந்த ஊரார் எவரும் மறக்கவில்லை. நான் ஆசிரியத் தொழிலுக்குப் புதிதாக வந்திருந்த காலம் அது. சிலையாய் நிற்கும் அப்பெரியாரும் 1948 ஜனவரி 30 ஆம் நாள் பிரார்த்தனைக்குச் செல்லும் வழியில், உடையில் மறைத்துக் கொணர்ந்த கைத்துப்பாக்கிக்கு இரையானவரே. அவருடைய உடையில் பையே கிடையாது. இடுப்பில் ஒரு கடிகாரம் தொங்கும்; அவ்வளவுதான்.

தம்பி நெடுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “அத்தான், நீங்கள் சொல்வது சரி. ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கடைக் கதவு திறக்கும்போது எனக்கு இந்தக் கதைகள் துணை வரமாட்டா” என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. இன்றும் இல்லை.

வீடு திரும்பியபோது என் மனைவி அவரிடம் ஒரேயொரு கேள்வி கேட்டாள். “தம்பி, நான் வந்த நாள் முதல் கவனிக்கிறேன். உன்னுடைய சின்னவன் உன்னைக் கட்டிப் பிடிக்க ஓடி வருகிறபோதெல்லாம், சுற்றிக்கொண்டு இடப் பக்கமாகவே வருகிறானே, அது ஏன்?”

தம்பியின் முகம் மாறியது. சிறிது நேரம் கழித்தே பதில் வந்தது. “நான்தான் பழக்கினேன், அக்கா. வலப் பக்கம் வரக் கூடாது என்று.”

அந்த ஆறு வயதுப் பிள்ளைக்குத் தகப்பனின் உடம்பில் பாதிதான் சொந்தம்! மற்றப் பாதியில் அவனை அண்ட விடாத ஒன்று குடியிருக்கிறது. கடலுக்கு இப்பால், ஆயுதமில்லாத வீட்டிலும், அவனுடைய கால்கள் பழைய பாடத்தை மறக்கவில்லை. அன்றிரவு தம்பி உணவு சரியாக உண்ணவில்லை.

புறப்படும் நாளுக்கு முன்தினம் பிரெட்றிக் கோட்டைக்கு மான் பார்க்கப் போனோம். மான்கள் மனிதரண்டை வந்து கையிலிருப்பதை உண்பதைக் கண்ட சின்னவனுக்கு ஒரே குதூகலம். அதைத் தகப்பனிடம் சொல்ல ஓடோடி வந்தவன், வழக்கப்படி வளைந்து சுற்றத் தொடங்கினான். தம்பி மண்டியிட்டு இரு கைகளையும் விரித்து, “நேரே வா, ராசா” என்றார். பிள்ளை ஒரு கணம் தயங்கிவிட்டு வலப் பக்கமாகவே வந்து விழுந்தான்.

ஊர் சேர்ந்ததும் தம்பி தொலைபேசியில் அழைத்தார். துப்பாக்கியை விட்டுவிட்டதாகச் சொல்லவில்லை. கடைக்குள் மட்டுமே வைத்துக்கொள்வதாகவும், வீட்டுக்கு வந்தால் வாயிலருகே பூட்டிய பெட்டிக்குள் வைத்த பின்னரே பிள்ளைகளைத் தொடுவதாகவும் சொன்னார். முழு வெற்றியன்று, ஆயினும் அதைக் கேட்டு என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்றிரவு உடுப்பை மாற்றும்போது உங்கள் பையை ஒருமுறை தடவிப் பாருங்கள். சில்லறையும் சாவியும் கசங்கிய கைக்குட்டையும் மட்டுமே கையில் தட்டுப்படுமானால், உங்கள் குழந்தை எந்தப் பக்கத்திலிருந்தும் ஓடி வரலாம். அந்தச் செல்வம் உங்களிடம் இருக்கிறதென்பதை மறவாதீர்கள்.