பட்டை ஏற்றினால் பலம் கூடாது

பிக்கப் வண்டியின் பின்பக்கம் தொங்கிவிட்டது, அல்லது பட்டை ஒன்று முறிந்துவிட்டது என்று பட்டறைக்குப் போனால் நம் ஊரில் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள். "கூட ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டுரலாம்ணே. அப்புறம் ஆயுசுக்கும் கவலை இல்ல." வண்டிக்காரருக்கும் அது காதில் தேனாகப் பாய்கிறது. வருடக்கணக்காக வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன்: அது வைத்தியம் இல்லை, வினை.

லீப் ஸ்பிரிங் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வதைத்தான் நாம் பட்டை என்கிறோம். அதன் வேலை வளைவது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது வரும் அடியைத் தானே வளைந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அது வளைய மறுத்தால் அந்த அடி எங்கே போகும்? ஆக்ஸில் ஹவுசிங்குக்கும், ஹப் பேரிங்குக்கும், டயருக்கும், பட்டையைத் தாங்கும் பிராக்கெட் சேஸிஸில் சேரும் இடத்துக்கும் போகும். கூடுதல் பட்டை போட்ட வண்டியில் பட்டை முறியாதுதான். அதற்குப் பதிலாக சேஸிஸில் விரிசல் விழும். இரண்டாயிரம் ரூபாயில் முடிய வேண்டிய செலவை இருபதாயிரத்துக்கு இழுத்துப் போவதற்குப் பெயர் பலமா?

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 8 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 10 மில்லிமீட்டர் பட்டை போட்டால் விறைப்பு கால் பங்கு கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. லாரிப் பட்டையை வெட்டி பிக்கப் செட்டில் செருகுபவர்கள் இதை யோசிப்பதே இல்லை. எல்லாப் பட்டைகளும் ஒரே அளவு வளையும்போது கனமான பட்டைக்குத்தான் அதிக இழுவிசை. மெல்லிய பட்டைகள் சும்மா இருக்க, கனமானது எல்லாவற்றையும் சுமக்கும். ஒருநாள் அதுவே முதலில் முறியும்.

பிரேக் விஷயம் இதைவிட மோசம். பல பிக்கப் வண்டிகளில் பின் பிரேக்குக்கு லோடு சென்சிங் வால்வு என்று ஒன்று இருக்கும். சேஸிஸில் பொருத்தி, ஒரு கம்பியால் ஆக்ஸிலோடு இணைத்திருப்பார்கள். லோடு ஏறி வண்டி அமுங்கினால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். காலி வண்டியாக இருந்தால், பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி குறைத்துக் கொடுக்கும். நாம் பட்டையை ஏற்றிவிட்டால் லோடு வைத்தாலும் வண்டி அமுங்குவதில்லை. வால்வோ வண்டி காலி என்றே எண்ணிக்கொள்கிறது. ஊட்டியில் கேரட் மூட்டைகளை நிறைத்துக்கொண்டு பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்குகிற வண்டிக்கு, காலி வண்டியின் பின் பிரேக்! "ஆயுசுக்கும் கவலை இல்ல" என்று சொன்னவர் யாருடைய ஆயுசைச் சொன்னார்?

சரி, அப்படியானால் என்னதான் செய்வது?

முதலில், முறிந்த பட்டையைத் தூக்கி எறியாமல் எங்கே முறிந்தது என்று பாருங்கள். நடுவில், சென்டர் போல்ட் துளையில் முறிந்திருந்தால் பட்டையைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் யூ போல்ட் தளர்ந்திருக்கும். யூ போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை அந்த இடம் வளையாது. தளர்ந்தால் துளையில்தான் முறியும். அங்கே புதுப் பட்டை வாங்கிப் போட்டுப் பழைய யூ போல்ட்டையே மாட்டினால், அடுத்த முறிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஒருமுறை இழுபட்ட யூ போல்ட்டை மறுபடி நம்பக் கூடாது. புதிது போட்டு, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கி, லோடோடு சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும். பட்டறையில் இந்த இரண்டாவது இறுக்கலைச் செய்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அடுத்தது, பழைய பட்டையைச் சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றுவது, உலையில் காய்ச்சி நிமிர்த்துவது, முறிந்ததை வெல்டு வைப்பது. இவற்றைச் சிக்கனம் என்கிறார்கள். பட்டை எஃகு பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதம் செய்யப்பட்டது. கொல்லுலையில் அந்தப் பதம் போய்விடும். நல்ல பட்டையில் இழுவிசை வரும் மேல்பக்கத்தில் சிறு எஃகு குண்டுகளைப் பாய்ச்சி அடித்திருப்பார்கள். ஷாட் பீனிங் என்று பெயர். விரிசல் தொடங்காமல் தடுப்பது அதுதான். சம்மட்டி விழுந்த ஒவ்வொரு தடமும் விரிசலுக்கு நாமே போட்டுக் கொடுக்கிற பிள்ளையார் சுழி.

கடையில் வாங்கும்போது "ஹெவி டியூட்டி" ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள். பழைய பட்டையைக் கையில் கொண்டு போங்கள். வெர்னியர் வைத்துக் கனத்தை அளந்து பாருங்கள். எண்ணிக்கை, நீளம், வளைவு எல்லாம் கம்பெனி அளவோடு ஒத்திருக்க வேண்டும். ஓரம் கூராக இல்லாமல் மழுங்கலாக இருக்கிறதா, மேற்பரப்பு குண்டு பாய்ந்த சொரசொரப்போடு இருக்கிறதா என்று பாருங்கள். இடது வலது இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் வண்டி சாய்ந்து நிற்கும்.

புஷ் விஷயத்திலும் இதே மோகம்தான். கெட்டியாக இருந்தால் நெடுநாள் வரும் என்று பாலியூரிதேன் புஷ்ஷைத் தேடுகிறார்கள். அது ரப்பர்போல அடியை உள்வாங்காது, பிராக்கெட்டுக்குக் கடத்திவிடும். கம்பெனி ரப்பர் புஷ்ஷே போதும். ஆனால் வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, எடை இறங்கியபின் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். அதன்மேல் கிரீஸ் தடவவும் வேண்டாம், ரப்பர் ஊறிப்போகும். ஷாக் அப்சார்பரை மாற்றினால் லோடு தாங்கும் என்பது இன்னொரு மூடநம்பிக்கை. ஷாக் லோடு சுமப்பதே இல்லை. பட்டையின் ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை.

"ஒன்றரை டன் மட்டும் ஏத்தினா டீசலுக்கே கட்டாதுங்க ஐயா" என்பார்கள். அந்தச் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. வாடகையை அடித்துப் பேசும் மண்டிக்காரர் ஒரு பக்கம், மாதத் தவணை மறுபக்கம். ஆனால் அதற்கான பதில் பட்டையில் இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய மொத்த எடை, பட்டை ஏற்றியதால் ஒரு கிலோகூடக் கூடாது. டயரின் பக்கத்தில் அச்சிட்ட பாரமும் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். ஒரே ஒரு முறை மாட்டினால், பத்து நடையில் ஏற்றிய அதிக லோடின் லாபம் போச்சு. தினமும் இரண்டரை டன் கிடைக்கிறது என்றால் அதற்கேற்ற வண்டி வாங்க வேண்டும், அல்லது இரண்டு நடை அடிக்க வேண்டும்.

திரும்பும் நடையையும் யோசித்துப் பாருங்கள். காலியாக வரும்போது விறைத்த பட்டை வளையாமல் வண்டியைத் துள்ள வைக்கும். மழையில் பின்சக்கரம் தரையைப் பிடிக்காது. கொஞ்சம் தக்காளி ஏற்றி வந்தாலும் பாதி நசுங்கியே மண்டிக்கு வரும்.

நெடுநாள் உழைக்கிற பாகம் என்றால் முறியவே முறியாத பாகம் என்று அர்த்தமில்லை. தன் வேலையை மட்டும் செய்து, தேயும்போது தான் மட்டும் தேய்ந்து, மற்றதைக் காப்பாற்றுவதுதான் நல்ல பாகம். வண்டியில் ஏதாவது ஒன்று முறிந்துதான் ஆக வேண்டும் என்றால் அது பட்டையாகவே இருக்கட்டும். சேஸிஸும் வேண்டாம், ஸ்டியரிங் பிடித்திருப்பவனின் முதுகெலும்பும் வேண்டாம்.